காற்றை உள்ளே விடாதேயும் என்று கேட்டேன்

அன்பான சகோதரங்களே,

அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் மூன்று மணியளவில், ஸ்காபரோவில் எங்கள் வீட்டு அறைக்குள் நாங்கள் நான்கு பேரும் செத்துக்கொண்டிருந்தோம். ஒருவருக்கும் அது தெரியாது. நான் கையில் செபமாலையோடு, கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, குடும்பத்தை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்ற நினைப்பில் இருந்தேன்.

நான் பெரிதாகப் படித்தவன் இல்லை. மன்னாரில் ஓ.எல். வரைதான். இங்கே ஒரு பாண் தொழிற்சாலையில் பதினான்கு வருடமாக வேலை. செபக் கூட்டத்தில் எழுந்து நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். என் பிழையையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் மூத்த மகள் அனிற்றா பிறந்த பிறகு, என் மனைவி றெஜினாவுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போய்விட்டார்கள். எட்டு வருடம் கேட்டுக் கேட்டு, சென்ற ஆண்டு தபசுகாலத்தில் ஆண்டவர் எங்களுக்கு ஒரு மகனைத் தந்தார். பிள்ளைப்பேறு பார்க்க, அதாவது தாயையும் பிள்ளையையும் பராமரிக்க, மன்னாரில் இருந்து மாமியைக் கூப்பிட விண்ணப்பித்தோம். இரண்டு தரமும் விசா கிடைக்கவில்லை. ஆகவே றெஜினாவுக்குப் பிள்ளைப்பேறு பார்த்தது நான்தான். வேலையில் லீவு எடுத்து, சீனிப் பேணியில் போனைச் சாய்த்து வைத்து, மாமி அங்கிருந்து சொல்லச் சொல்ல நான் இங்கே பிள்ளைப் பெற்றவவுக்குக் கொடுக்கிற சரக்குக் கறி வைத்தேன்.

“தம்பி, மிளகு கூடிப் போச்சு. நிறத்திலயே தெரியுது.”

“கமராவில அப்பிடித்தான் தெரியும் மாமி.”

“கமராவுக்கென்ன, வயிறு எரியப் போறது என்ர பிள்ளைக்கெல்லோ!”

பின்னேரத்தில் பிள்ளையைக் குளிக்க வார்த்துச் சாம்பிராணிப் புகை காட்ட வேண்டும். றெஜினாவின் தலைமயிரையும் அந்தப் புகையில்தான் காய வைக்க வேண்டும். புகை எழும்பியவுடன் கூரையில் இருக்கிற அலாரம் கத்தும். பிள்ளை திடுக்கிட்டு அழும். மூன்றாம் நாள் நான் கதிரையில் ஏறி அதைக் கழற்றி, பற்றரியையும் எடுத்து, குசினி லாச்சிக்குள் போட்டு இழுத்து மூடிவிட்டேன். மீன் பொரிக்கும்போது அலாரத்துக்குப் பொலித்தீன் பை கட்டுகிறவர்கள் உங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். எனக்குத் தெரியும். அது புகைக்கு மட்டும் கத்துகிற பொருள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

மாமி ஒவ்வொரு நாளும் போனை வைக்கும்போது ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவா. “தம்பி, காத்து மட்டும் படக்கூடாது. பிள்ளைப் பெத்த உடம்பு. காத்துப் பட்டால் ஆயுசுக்கும் வருத்தம்.” நான் யன்னலுக்கு மெல்லிய பிளாஸ்ரிக் தாள் ஒட்டினேன். ஓரமெல்லாம் ரேப் ஒட்டினேன். கதவுக்குக் கீழே துவாயைச் சுருட்டி வைத்தேன். ஒரு ஊசி நுழைய இடம் விடவில்லை.

பிள்ளைக்குப் பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை. முற்றத்துப் பனி எல்லாம் கரைந்து, புல் தெரியத் தொடங்கியிருந்தது. பனி அள்ளும் சவளைக்கூடக் கழுவி உள்ளே வைத்துவிட்டேன். பின்னேரம் மழை தொடங்கியது. மழையாக விழுந்து, தொட்ட இடமெல்லாம் உறைந்து கண்ணாடியாகிற மழை. இரவிரவாகப் பெய்தது. விடிய எழும்பிப் பார்த்தால் கம்பி, வேலி, கார், பின்வளவு மேப்பிள் மரத்தின் ஒவ்வொரு கொப்பும் பளிங்கு பூசினதுபோல் இருந்தது. பார்க்க வடிவாகத்தான் இருந்தது. ஆறு மணிபோல் மின்சாரம் நின்றது. ஹீற்றர் நின்றது.

ஞாயிறு பூசைக்கு ஒருவரும் போகவில்லை. மத்தியானம் றெஜினாவின் தங்கச்சி அஜக்ஸில் இருந்து போன் எடுத்தா.

“அத்தான், இஞ்ச கரண்ட் இருக்கு. இவர் மெல்ல மெல்ல வந்து உங்களை ஏத்திக்கொண்டு வாறன் எண்டுறார்.”

“வேண்டாம் பிள்ளை. பிள்ளைப் பெத்து முப்பத்தொண்டு நாள் கழியேல்லை. இந்தக் காத்துக்குள்ள பச்சைப் பிள்ளையை எடுக்கேலாது.”

எங்கள் வீட்டோடு சுவர் ஒட்டிய மற்ற வீட்டில் குமார் அண்ணை இருக்கிறார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். சைவக்காரர், வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். அவரும் வந்து கதவைத் தட்டினார். நகரசபை ஒரு மண்டபத்தைத் திறந்து சூடு போட்டு வைத்திருக்கிறது, தன் வானில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். நான் அதே முப்பத்தொன்றைச் சொன்னேன்.

“தம்பி, எங்கடையிலயும் உந்த முப்பத்தொண்டு கிடக்கு. உது ஊர் வெய்யிலுக்குச் சொன்ன கணக்கு. ஐசுக்கு ஆர் கணக்குச் சொன்னது?”

“ஆண்டவர் இருக்கிறார் அண்ணை.”

“அவர் இருக்கிறார். அவருக்கும் மண்டபத்துக்கு வழி தெரியும். வெளிக்கிடும்.”

நான் போகவில்லை. பிள்ளைப் பெற்ற மனிசியை முன்பின் தெரியாத ஆட்களுக்கு நடுவில் படுக்க வைக்கிறதா என்ற பெருமையும் எனக்குள் இருந்தது. அதை இப்போதுதான் ஒத்துக்கொள்கிறேன்.

அன்றிரவு எல்லாரும் ஒரே அறைக்குள், இருந்த போர்வை முழுவதையும் போட்டுக்கொண்டு படுத்தோம். அது தரைவீட்டின் பின்பக்க அறை. திங்கள் விடியவும் மின்சாரம் வரவில்லை. காரில் போய் இருந்து வானொலி கேட்டேன். இன்றைக்குக் காற்று இன்னும் பலமாக வீசும், ஐஸ் பாரத்தில் மரங்கள் முறிந்து விழும், மரத்துக்குக் கீழே நிற்க வேண்டாம் என்றார்கள். உள்ளே வந்து பார்த்தால் சுவரில் இருந்த வெப்பமானி ஒன்பது பாகை காட்டியது. பேசினால் வாயில் ஆவி வந்தது. போனில் சார்ஜ் இல்லை, காரில் போட வயரும் இல்லை. மாமியைக் கேட்க வழியில்லை.

பிள்ளையின் பாதத்தைத் தொட்டேன். கல்லுப்போல் குளிர்ந்து இருந்தது.

“பால் குடிக்கிறான் இல்லை. இழுக்கப் பெலமில்லை அவனுக்கு. ஏதாவது செய்யுங்கோவன்,” என்று றெஜினா அழத் தொடங்கினா.

அந்தச் சொல் என்னைக் குத்தியது. ஏதாவது செய்ய வேண்டும். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் தங்கச்சிமார் பிறந்தபோது அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தணல் சட்டி இருந்ததைக் கண்டவன் நான். பின்வளவில் பார்பிக்யூ அடுப்பும் கோடையில் வாங்கி மிஞ்சிய கரியும் இருந்தன. காற்றுக்கு மறைவாக நின்று கரியை மூட்டினேன். புகை எல்லாம் போய், மேலே வெள்ளைச் சாம்பல் படியும் வரை பொறுத்தேன். புகைதானே கூடாது, இது புகை இல்லாத தணல் என்று எண்ணினேன். இரண்டு மண்சட்டியில் அள்ளி, பேக்கரித் தட்டில் வைத்து, அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினேன். துவாயைத் திரும்பவும் இறுக்கி வைத்தேன்.

அறை சூடாகியது. எவ்வளவு நல்ல சூடு! அனிற்றா கையுறையைக் கழற்றினாள். றெஜினாவின் முகத்தில் இரத்தம் வந்தது.

“இப்பதான் உயிர் வந்தமாதிரிக் கிடக்கு,” என்று சொன்னா.

ஒரு மணித்தியாலம் போயிருக்கும். கரி குறையக் குறைய நான் வெளியே போய்ப் புதுத் தணல் அள்ளி வந்தேன். “அப்பா, தலை இடிக்குது. ஐ ஃபீல் சிக்,” என்றாள் அனிற்றா. பசியாக்கும் என்று பிஸ்கற் கொடுத்தேன். அவள் ஒன்றைக் கடித்துவிட்டு மற்றதைக் கையில் வைத்தபடியே சரிந்து படுத்தாள். றெஜினா ஏற்கெனவே நித்திரை. இரண்டு நாள் கண்மூடாதவ, தூங்கட்டும் என்று விட்டேன். எனக்கும் நெற்றிக்குள் ஆணி அடித்த மாதிரி ஒரு நோ. அதுவும் நித்திரை இல்லாத நோ என்று எண்ணினேன்.

காலையில் இருந்து சிணுங்கிக்கொண்டிருந்த பிள்ளை அழுகையை நிறுத்தினான். “நன்றி ஆண்டவரே,” என்று சொன்னேன். சகோதரங்களே, அந்த நன்றியை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

வெளியே காற்று கூடியது. கூரையைப் பிடித்து உலுப்பியது. மரத்தில் ஐஸ் வெடிக்கிற சத்தம் துவக்குச் சூடு போலக் கேட்டது. யன்னலில் ஒட்டிய பிளாஸ்ரிக் தாள் ஒரு நெஞ்சுபோல் ஊதி ஊதி அடங்கியது. எனக்கு ஒரே ஒரு பயம்தான். இந்த யன்னல் போனால் பிள்ளை குளிரில் செத்துப்போவான்.

முழங்காலில் நின்று செபமாலையில் துக்க தேவரகசியம் தொடங்கினேன். எத்தனையாவது மணியில் நிற்கிறேன் என்று தெரியாமல் போனது. வாய் தடித்துச் சொற்கள் வழுக்கின. கதவில் சாய்ந்து இருந்தபடி, இருந்த பெலத்தை எல்லாம் சேர்த்துச் சத்தமாகவே கேட்டேன்.

“ஆண்டவரே, காத்தை உள்ளுக்கு விடாதேயும். இந்த யன்னலைக் காப்பாத்தித் தாரும். வேற ஒண்டும் கேக்கேல்லை.”

அந்த மன்றாட்டு முடியவில்லை. பின்வளவு மேப்பிள் முறிந்தது. வீடே அதிர்ந்தது. ஒரு பெரிய கொப்பு யன்னலை உடைத்துக்கொண்டு அறைக்குள் பாதி வந்து நின்றது. கண்ணாடி எல்லாம் அந்தப் பிளாஸ்ரிக் தாளுக்குள் ஒரு பையில் போட்டதுபோல் விழுந்து, பிறகு தாள் கிழிந்தது. காற்று உள்ளே பாய்ந்தது.

நான் ஆண்டவரைத் திட்டினேன். மறைக்க மாட்டேன். “உமக்கு இரக்கம் எண்டு ஒண்டு இல்லையோ? ஒண்டைத்தானே கேட்டனான்!” என்று கத்தினேன். என் வாயால் அப்படி ஒரு பேச்சு அதற்கு முன் வந்ததில்லை.

பெரிய போர்வை ஒன்றை இழுத்துக்கொண்டு யன்னலை மூடப் போனேன். கால்கள் என்னுடையவை இல்லாததுபோல் இருந்தன. இரண்டு தரம் விழுந்தேன். போர்வையை விரித்துப் பிடித்தேன், காற்று பறித்து எறிந்தது. திரும்பவும் பிடித்தேன், திரும்பவும் பறித்தது. மூன்றாம் தரம் அதன் மேல் என் முழுப் பாரத்தையும் போட்டுச் சட்டத்தோடு அமத்தினேன். அப்போது திரும்பிப் பார்த்தேன். இத்தனை சத்தத்துக்கும் றெஜினா அசையவில்லை. பிள்ளை அழவில்லை.

“தம்பி! ஆருக்கும் அடிபட்டதோ?” என்று வெளியே குமார் அண்ணையின் குரல் கேட்டது. மரம் தங்கள் வேலியையும் சாய்த்துவிட்டதால் பார்க்க வந்திருக்கிறார். போர்வையின் ஒரு மூலையை விலக்கித் தலையை உள்ளே நீட்டினார். தணல் சட்டியைக் கண்டார். அவருடைய முகம் மாறியது.

“உது என்ன? கரியோ? கரியோடா உள்ளுக்கை வைச்சிருக்கிறாய்?”

“குளிருக்கு அண்ணை. பிடியுங்கோ, இதை ஒருக்கா மூடவேணும்.”

“மூடாதை! விடடா போர்வையை! காத்து வரட்டும்!”

“பிள்ளை செத்துப்போவான்!”

“விசரா, மூடினால்தான்டா சாவான்! நஞ்சு அது! விடு!”

அவர் வெளியே இழுக்க, நான் உள்ளே இழுக்க, அந்த உடைந்த யன்னலில் இரண்டு பேரும் மல்லுக்கட்டினோம். அறுபது வயது மனிதர். என்னைவிடக் கட்டை. ஆனால் அன்றைக்கு என் கையில் பெலம் இல்லை. போர்வை அவரோடு போனது. காற்று என் முகத்தில் அறைந்தது. இரண்டு மூச்சு இழுத்த பிறகுதான் எனக்குத் தலைக்குள் ஏதோ திறந்தது. அப்போதுதான் பயம் வந்தது. உண்மையான பயம்.

“பிள்ளையைத் தா. கெதியாத் தா,” என்று அவர் இரண்டு கையையும் நீட்டினார்.

பதினான்கு நாளாக ஒரு காற்றுப் படாமல் வைத்திருந்த பிள்ளை. அவனைத் தூக்கினேன். துணிபோல் தொங்கினான். உதடு செக்கச் செவேல் என்று இருந்தது. கண்ணாடித் துண்டுகளுக்கு மேலால், அந்த ஐஸ் காற்றுக்குள், ஒரு மனிதரின் கையில் என் மகனைக் கொடுத்தேன். அவர் தன் ஜக்கற்றைத் திறந்து அவனை நெஞ்சோடு வைத்து, முதுகைத் தேய்த்துக்கொண்டே காற்றுக்கு முகம் காட்டினார். “முருகா, முருகா,” என்றார். நான் “யேசுவே, யேசுவே,” என்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு ஒரு வருடம்.

பிறகு பிள்ளை இருமினான். இருமி, மூச்சிழுத்து, அழுதான்.

அனிற்றாவை அரைமயக்கத்தில் இழுத்து யன்னலடிக்குக் கொண்டுவந்தேன். அவள் என் மேலெல்லாம் சத்தி எடுத்தாள். றெஜினாவை என்னால் தூக்க முடியவில்லை. குமார் அண்ணையின் மனைவி அவசர சேவைக்குப் போன் எடுத்துவிட்டு, பிள்ளையைத் தன் கையில் வாங்கினா. அவர் முன்கதவால் ஓடி வந்தார். தணல் சட்டிகளைத் தட்டோடு வெளியே எறிந்தார். பிறகு நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து றெஜினாவைக் கொண்டுபோய் விறாந்தையில் கிடத்தினோம். தெருவெல்லாம் ஐஸ். தீயணைப்பு வண்டி வருவதற்குள் நான் எத்தனை அருள்நிறை மரியே சொன்னேனோ தெரியாது.

அவர்கள் நச்சுவாயு அளக்கிற ஒரு சின்ன மானியைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போனார்கள். யன்னல் உடைந்து திறந்து கிடந்த அந்த அறையிலேயே அது கத்தியது. காபன் மொனொக்சைட் என்றார்கள். மணமும் இல்லை, நிறமும் இல்லை, நித்திரையாக்கியே கொண்டுபோய்விடும். அவர்களில் ஒரு தலைநரைத்தவர் விழுந்து கிடந்த கொப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்த மரம் விழாமல் இருந்திருந்தால் நாங்கள் வேறு ஒரு வேலைக்குத்தான் வந்திருப்போம் என்று மெல்லச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் எங்கள் நான்கு பேருக்கும் முகத்தில் ஒட்சிசன் வைத்தார்கள். பிள்ளைகள் இரண்டும் தெளிந்துவிட்டார்கள். றெஜினா கண் திறக்கவில்லை. பிள்ளைகள் நலப் பகுதியில் இருந்து ஒரு பெண் வந்து, வீட்டில் என்ன நடந்தது, அலாரம் எங்கே என்று கேட்டா. நான் லாச்சிக்குள் போட்டதைச் சொன்னேன். அது இந்த நஞ்சுக்கும் கத்துகிற அலாரமாம். என் பிள்ளைகளை எடுத்துவிடுவார்களோ என்று பயந்தேன். எடுத்தாலும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்தக் கட்டிலடியில் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. நான் கேட்டது எது, அவர் தந்தது எது என்று அப்போதுதான் மெல்ல மெல்ல விளங்கிக்கொண்டிருந்தது. “நீரே பாரும்,” என்று மட்டும் சொன்னேன்.

பொழுதுபடுகிற நேரம் றெஜினாவின் விரல் என் கையில் அசைந்தது. ஒட்சிசன் மூடியை விலக்கி என்னவோ சொன்னா. குனிந்து கேட்டேன்.

“பிள்ளைக்குக் குளிருதோ?”

“இல்லை. இல்லை. அவனுக்கு ஒண்டுமில்லை,” என்று சொல்லி அந்த இடத்திலேயே விம்மி அழுதேன். தாதி ஓடி வந்து எனக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தா.

மூன்று கிழமை மாமியிடம் இதைச் சொல்லவில்லை. பிறகு சொன்னேன். போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறா என்று தெரிந்தது. “தம்பி, எங்கட வீடு ஓலைச் செத்தை. நாலு பக்கமும் ஓட்டை. சட்டி வைச்சாலும் காத்துத் தானா வந்து போகும். நீங்கள் இருக்கிற வீடு எப்பிடி எண்டு எனக்கெங்க தெரியும்? காத்துப் படக்கூடாது எண்டு சொன்னது நானெல்லோ,” என்றா. தவறு அவவுடையது இல்லை என்று சொல்லி முடிக்க எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது.

வைத்தியர்கள் பல மாதம் பார்த்தார்கள். நான்கு பேருக்கும் ஒரு குறையும் இல்லை. மகன் இப்போது கதிரையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான், கையில் அகப்பட்டதை எல்லாம் கீழே தள்ளுகிறான். குமார் அண்ணை அவனுக்குப் பெரியப்பா. அவனைக் கண்டால், “டேய், உன்னை யன்னலால வாங்கினவன்டா நான்,” என்பார். அன்றைக்கு என்னை அடா போட்டதற்கு மட்டும் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டாம்.

எங்கள் செபக் குழுவில் யாருக்காவது பிள்ளை பிறந்தால் இப்போது நானும் போகிறேன். பிள்ளையைப் பார்க்க முன்பு அலாரத்தைப் பார்ப்பேன். கதிரை கேட்டு ஏறி, பொத்தானை அமத்திச் சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பேன். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். தணல், பார்பிக்யூ, காஸ் அடுப்பு எதையும் வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம் என்று உங்களையும் கும்பிட்டுக் கேட்கிறேன். கூப்பிடுகிற அயலவரோடு போங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையே குமார் அண்ணையின் வாயால் ஆண்டவர் என்னைக் கூப்பிட்டார். நான்தான் அவருக்குச் சட்டம் சொன்னேன்.

ஐஸ் பாரத்தில் மரம் விழுவது வழமைதானே என்று வேலையில் ஒருவர் என்னிடம் சொன்னார். விழும்தான். அன்றைக்கு ஊரெல்லாம் விழுந்தது. ஆனால் நான் வாய் திறந்து கேட்ட அந்த நிமிடத்தில், நான் கேட்டதற்கு நேரெதிராக, என் பிள்ளையின் மூச்சுக்கு எது தேவையோ அது என் வீட்டுக்குள் வந்தது. இதை நான் யாரோடும் வாதாட மாட்டேன். எனக்குத் தெரியும், என் மகனுக்கு மூச்சு இருக்கிறது.

முன்பெல்லாம் என் செபம் நீளம். என்ன வேண்டும், எப்படி வேண்டும், எந்த வழியால் தர வேண்டும் என்று எல்லாம் சொல்லிக் கொடுப்பேன். இப்போது சுருங்கிவிட்டது. எங்களைப் பாரும் ஆண்டவரே, அவ்வளவுதான். அவர் பார்த்தால் போதும்.

சகோதரங்களே, உங்களில் ஒருவருடைய வீட்டில் இன்றைக்கு ஏதோ ஒன்று உடைந்து, குளிர் உள்ளே பாய்ந்துகொண்டிருக்கலாம். காப்பாற்றும் என்று கேட்டதே போய்விட்டதென்று அவரைத் திட்டிக்கொண்டும் இருக்கலாம். திட்டுங்கள், அவர் பொறுப்பார், என்னைப் பொறுத்தவர். ஆனால் போர்வையைத் தூக்கிக்கொண்டு அடைக்க ஓடுவதற்கு முன், ஒரு மூச்சு இழுத்துப் பாருங்கள்.